புஷ்பவள்ளியின் காய்ச்சல் ஏறிய மோட்டார்

முடசலோடை பொன்னுரங்கத்தின் படகு மோட்டார் சூடேறி முதல்முறையாக நடுக்கடலில் நின்றது ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு. அதே பத்தே முக்காலுக்குச் சிதம்பரம் மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருந்த அவன் மனைவி புஷ்பவள்ளிக்கு, மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருந்த காய்ச்சல் விட்டது. மோட்டாரில் ஏறிய சூடு அவள் உடம்பிலிருந்து போன சூடுதான் என்பது தெரியவர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் எல்லாரும் மோட்டாரைத் தனியாகவும் அவளைத் தனியாகவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சல் அவளுக்கு நிவர் புயல் கரையைக் கடந்த மறுவாரம் வந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு உடம்பு சுட ஆரம்பிக்கும், உச்சிப்பொழுதில் நூற்று மூன்றைத் தொடும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு இறங்கிவிடும். சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தது. வடலூருக்குப் போய் மூன்று தைப்பூசம் ஜோதி பார்த்தாள். லால்பேட்டையில் ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். காலையும் மாலையும் ஒரு டம்ளர் நிலவேம்புக் கஷாயம் குடித்துக் குடித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாலே கசப்பு நெடி அடித்தது. கடைசியில் காய்ச்சலோடே வியாபாரத்துக்குப் போகப் பழகிக்கொண்டாள். பக்கத்துக் கடை சவரியம்மாள் தன் ஐஸ் பெட்டியை அவளிடமிருந்து நாலு அடி தள்ளி வைத்தாள். இல்லாவிட்டால் பதினொரு மணிக்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். அதற்காக இருவருக்கும் சண்டை வந்ததில்லை. மார்கழியில் சவரியம்மாளே நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டு உட்காருவாள்.

மோட்டார் பத்து எச்பி, கடலூரில் புதிதாக வாங்கியது. ஐப்பசியில் அது வீட்டுக்கு வந்த அன்று புஷ்பவள்ளி மஞ்சள் குங்குமம் வைத்து, மேல்மூடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்போது மணி பன்னிரண்டு. காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. மூடி ஜில்லென்று இருந்ததால் கையை எடுக்க மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள். மூன்றாவது வாரத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது. பொன்னுரங்கமும் புஷ்பவள்ளியின் தம்பி சேரனும் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது மோட்டாரின் அலாரம் கீச்சென்று கத்தியது, மூடிக்குள்ளிருந்து ஆவி வந்தது, எஞ்சின் நின்றது. இன்னொரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்து விட்டார்.

பொன்னுரங்கம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது புஷ்பவள்ளி தலைக்குக் குளித்து, நெத்திலிக் குழம்பு வைத்து, பாட்டு முனகிக்கொண்டிருந்தாள்.

“ஏன்யா, நெத்தியத் தொட்டுப் பாரு,” என்றாள்.

தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. மோட்டார் மேல் இருந்த கோபம் அவனுக்கு அத்தோடு போய்விட்டது. மூன்று வருடமாகக் கடலில் இருக்கும்போது சூரியன் தலைக்கு மேல் வந்தால் அவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். இந்நேரம் அவள் கொதித்துக்கொண்டிருப்பாள் என்பது ஞாபகம் வரும். அன்றைக்கு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது.

மோட்டாரைப் பார்த்தவள் எழிலரசி. புவனகிரிப் பக்கத்துக் காலனியிலிருந்து டிப்ளமோ படித்துவிட்டு வந்தவள், இருபத்தேழு வயது. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் படகு மோட்டார் சர்வீஸ் கடை ஒன்றில் நாலு வருடமாக வேலை செய்தாள். வருகிறவர்கள் மெக்கானிக் எங்கே என்று அவளிடமே கேட்பார்கள். அவள் ஸ்பானரைக் கையில் எடுப்பாள், அதுதான் பதில். ஒரு கோளாறின் காரணம் தெரியாமல் அதைச் சரிசெய்து அனுப்புவது அவளுக்கு ஆகாது. கடை முதலாளிக்கு அவளிடம் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

படகு மோட்டார் அடியில் இருக்கும் வாயால் கடல் தண்ணீரை இழுத்து, உள்ளே சுற்றவிட்டு, எஞ்சினின் சூட்டை அதில் ஏற்றி, பின்பக்கத்துச் சின்ன ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். மோட்டார் ஒன்றுக்குப் போகிறது என்று கடற்கரையில் வெட்கமில்லாமல் சொல்வார்கள். ஒன்றுக்குப் போவது நின்றால் உள்ளே அடைப்பு என்று அர்த்தம். பொன்னுரங்கத்தின் மோட்டார் அருமையாகப் பீய்ச்சியது. இருந்தாலும் எழிலரசி தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு இறக்கைகூடத் தேயவில்லை. குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய், கொதிக்கிற வெந்நீரில் போட்டுப் பார்த்தாள், சரியாகத் திறந்தது. உப்புப் படிவு இருக்குமோ என்று நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசினாள். பெட்ரோலில் ஆயில் கலந்த அளவு, பிளக்கின் நிறம், விசிறியில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று எல்லாம் பார்த்தாள். காலை ஏழரைக்குத் தண்ணீர் டிரம்மில் இறக்கி அரை மணி ஓட்டினாள். குழந்தை மாதிரி ஓடியது. பொன்னுரங்கம் ஏற்றிக்கொண்டு போனான். நாலாம் நாள் அதே மோட்டார் அதே ஆவியோடு திரும்பி வந்தது.

இப்படி ஆறு முறை நடந்தது. ரப்பர் சக்கரம் புதிது போட்டார்கள், தெர்மோஸ்டாட் புதிது, ஹெட்டின் கேஸ்கட் புதிது. முதலாளி, படகுக்காரன் ஓட்டத் தெரியாமல் ஓட்டுகிறான் என்று முடிவு கட்டினார். எழிலரசிக்கு அது சமாதானமாகவில்லை. வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முடசலோடைக்கு வந்து, தானும் கடலுக்கு வருகிறேன் என்றாள். கொரோனா காலத்தில் கடை வாசலில் வருகிறவர்கள் நெற்றியில் காட்டிய சூடு பார்க்கும் துப்பாக்கியும் ஒரு நோட்டும் கையில் இருந்தன. படகில் பெண் ஏறலாமா என்று கரையில் இரண்டு பேர் கேட்டார்கள். “மோட்டார் ஏறுதுல்ல, அதுக்கு டாக்டர் ஏறக் கூடாதா?” என்றான் சேரன். ஏற்றிக்கொண்டார்கள்.

போகும்போது மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டே காலுக்குத் துப்பாக்கி காட்டிய எண் ஏற ஆரம்பித்தது. எழிலரசி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினாள். விசித்திரம் என்னவென்றால் எஞ்சினுக்குள் எரிகிற இடத்தைவிட வெளியே மேல்மூடி அதிகமாகச் சுட்டது. சூடு உள்ளேயிருந்து வெளியே வரவில்லை, வெளியேயிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் படித்த புத்தகத்தில் அப்படி ஒரு கோளாறு இல்லை. பயப்படுவதற்குப் பதில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இரண்டு முறை அளந்துவிட்டு, மூன்றாவது முறை சேரனையும் அளக்கச் சொன்னாள். பின்பக்கத்து ஓட்டையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரைக் கையில் பிடித்து, உப்பு எவ்வளவு என்று பார்க்க நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“என்னாண்ணே இது, கசக்குது?”

சேரனும் வைத்துப் பார்த்தான். துப்பினான். “மாமா, நெலவேம்பு!”

“கடல்ல ஏதுடா நெலவேம்பு?” என்றான் பொன்னுரங்கம். பிறகு அவனும் நக்கிப் பார்த்துவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

“உங்க வீட்ல நெலவேம்பு யாரு குடிக்கிறாங்க?” என்று எழிலரசி கேட்டாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் நோட்டைப் புரட்டினாள். மோட்டார் நின்ற ஆறு முறையும் காலை எட்டுக்குப் பிறகுதான். எட்டுக்கு முன்போ பொழுது சாய்ந்த பின்போ ஒரு முறைகூட இல்லை. கடையில் காலை ஏழரைக்கே ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். கரை நெருங்கும்போது மோட்டார் நின்றது, துடுப்புப் போட்டு வந்தார்கள். கரை சேர்ந்ததும் எழிலரசி மீன் எடுத்துக்கொள்ளக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போனாள். அன்று மார்க்கெட் போகாமல் பாயில் படுத்திருந்த புஷ்பவள்ளி எழுந்து உட்கார்ந்து, “இப்பதான் விட்டுச்சு, ஒரு பத்து நிமிஷம் இருக்கும்,” என்றாள். எழிலரசி நோட்டைப் பார்த்தாள். மோட்டார் நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் மோட்டாரைக் கடலூருக்குக் கொண்டுபோனாள். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு டிரம்மில் இறக்கிவிட்டுப் பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டாள். கடலூரிலிருந்து முடசலோடை ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. புஷ்பவள்ளியின் நாக்கடியில் தெர்மாமீட்டர் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. சேரன் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

“எவ்ளோ இருக்கு?”

“நூத்தி ரெண்டரை.”

“ஸ்டார்ட் பண்றேன்.”

எட்டு நிமிடத்தில் டிரம்மில் தண்ணீர் குமிழி விட்டது. போனில் சேரன், “நூத்தி ஒண்ணு... நூறு... அக்கா வேர்க்குது... தொண்ணூத்தி எட்டரை!” என்று ஏலம் விடுகிறவன் மாதிரி கத்தினான். எழிலரசி மோட்டாரை நிறுத்தினாள். கடைக்கு வந்திருந்த நாலைந்து பேர் டிரம்மைச் சுற்றி நின்று, ஆவியை முகர்ந்து, காய்ச்சலுக்குக் குடிக்கிற கஷாயம் மாதிரி இருக்கிறது என்றார்கள். அன்று சர்வீஸ் அட்டையில் கோளாறு என்ற கட்டத்தில் எழிலரசி, “உரிமையாளர் மனைவியின் காய்ச்சல்” என்று எழுதினாள். முதலாளி படித்தார். ஆவியை அவரும் முகர்ந்திருந்தார். காரண்டியில் இது வராது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விஷயம் தெரிந்ததும் பொன்னுரங்கத்துக்குப் பிடிபடாத சந்தோஷம். இனி அவன் எட்டு மணிக்கு முன் கரைக்கு வருவதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே பத்து, பதினொன்று வரை கடலில் நின்றான். மோட்டார் சூடேறும், அலாரம் கத்தும், அவன் கேட்காத மாதிரி ஓட்டுவான், அது நிற்கும். ஆறவிட்டு மறுபடி கிளப்புவான். கரையில் புஷ்பவள்ளி உடம்பு தேறினாள். கன்னத்தில் சதை வந்தது, மார்க்கெட்டில் அவள் பக்கம் ஐஸ் நின்றது, சவரியம்மாள் பெட்டியை மறுபடி பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். இரண்டு மாதம் இப்படி நன்றாகப் போனது. ஆவணியில் ஒரு நாள் வெள்ளாற்று முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில், மோட்டார் நின்றுபோனது. படகு திரும்பி அலைக்கு முதுகைக் காட்டியது. அடுத்த அலை சேரனைத் தூக்கி விளிம்பில் அடித்ததில் அவன் காறை எலும்பு முறிந்தது. பொன்னுரங்கம் துடுப்பால் மணல்திட்டைக் குத்திக் குத்தி எப்படியோ படகை உள்ளே கொண்டுவந்தான்.

தம்பிக்குக் கட்டுப் போட்டுக் கூட்டி வந்த அன்று புஷ்பவள்ளி முற்றத்தில் இருந்த மோட்டாரின் மேல் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

“இத இனிமே தொடக் கூடாது. வேற மோட்டார வாடகைக்கு வாங்கு.”

“உனக்குக் காய்ச்சல் வருமே புள்ள.”

“வரட்டும். மூணு வருஷம் வந்தத நான் தாங்கல? நீ முகத்துவாரத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறத நெனச்சுக்கிட்டு நான் குளுகுளுன்னு உக்காந்து மீன் விக்கணுமா? எனக்கு அப்படி ஒரு சொகம் வேணாம்யா.”

“நான் பாத்து ஓட்டுறேன்.”

“பாத்து ஓட்டுன லட்சணந்தான் அவன் கழுத்துல தொங்குது பாரு.”

பொன்னுரங்கம் வாதாடிப் பார்த்தான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான், எழிலரசியை விட்டுப் பேசச் சொன்னான். எழிலரசி போனில் பேசிவிட்டு, “அக்கா சொல்றது சரிதாண்ணே. ஆனா எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. காய்ச்சல வாங்கிக்கிட்டும் ஓடணும், அதுக்கு வழி இருக்கும்,” என்றாள். அவள் கடலூரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தில் குழாய் குழாயாக வரைந்துகொண்டிருந்தாள். எஞ்சினின் சூடு ஒரு பங்கு, புஷ்பவள்ளியின் சூடு இரண்டு பங்கு, இருக்கிற பம்ப் ஒரு பங்குக்கு மட்டும்தான்; கணக்கு அவ்வளவு எளிது என்று அவளுக்குப் பட்டது. குழாயைப் போட இடம்தான் மோட்டாருக்குள் இல்லை.

தார்ப்பாய் மூடிய மோட்டார் பன்னிரண்டு நாள் கிடந்தது. காய்ச்சல் திரும்பி வந்தது, ஆனால் பழைய காய்ச்சலாக வரவில்லை. போக வழி தெரிந்துகொண்ட தண்ணீரை மறுபடி அடைத்தால் எப்படி ஏறுமோ அப்படி நாளுக்கு நாள் ஏறியது. விளக்கு வைத்த பிறகும் இறங்கவில்லை. புஷ்பவள்ளி யாரிடமும் எண்ணைச் சொல்லாமல் தெர்மாமீட்டரை உதறி உதறி வைத்தாள். பன்னிரண்டாம் நாள் மார்க்கெட்டில் ஒரு அம்மாவுக்குச் சங்கரா மீனை நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசைப் பிடித்தபடியே சாய்ந்தாள். சவரியம்மாள் தன் பெட்டி ஐஸ் முழுவதையும் அவள் மேல் கொட்டினாள். அது பெரிய ஆஸ்பத்திரி போகிறவரைகூடத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நூற்று ஆறு என்றார்கள். அப்போது மணி பன்னிரண்டரை.

பொன்னுரங்கத்துக்கு முடசலோடையில் போன் வந்தது. சேரன் ஒரு கையால் பைக்கை எடுக்கப் போனான். பொன்னுரங்கம் போகவில்லை.

“அங்க வந்து நான் என்னா பண்ணுவேன் மச்சான்? கையப் பிசைவேன். நான் நிக்க வேண்டிய எடம் இதுதான்,” என்று சொல்லித் தார்ப்பாயின் கயிற்றை மீன் கத்தியால் அறுத்தான்.

கடலுக்குப் போகாமல், உப்பங்கழியில் படகை ஜெட்டியோடு கட்டிப்போட்டு மோட்டாரை மாட்டிக் கிளப்பினான். நாலு நிமிடத்தில் அலாரம் கத்தி நின்றது. போனில் சவரியம்மாள், “அரை டிகிரி எறங்கிச்சுன்னு நர்சு சொல்லுது,” என்றாள். ஆறவிட்டுக் கிளப்புவதற்குள் ஏறிவிட்டது என்றாள். இப்படி ஏழெட்டு முறை. பொன்னுரங்கத்தின் உள்ளங்கை கைப்பிடியில் ஒட்டித் தோல் உரிந்தது. அவன் சட்டையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டான். சேரன் போனில் சொன்னதும் கடலூரிலிருந்து கிளம்பிய எழிலரசி ஒன்றே முக்காலுக்கு ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். முதலில் அவனை மோட்டாரிலிருந்து விலகச் சொன்னாள், பிறகு சேரனைப் பக்கத்து இறால் பண்ணைக்கு ஓட்டினாள். பண்ணைக்காரர்கள் காரணம் கேட்காமல் டீசல் பம்பையும் ஆட்களையும் கொடுத்தார்கள். எழிலரசி மோட்டாரின் மின்சாரப் பாகங்களைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினாள், அலசுவதற்கென்று இருந்த வாயில் ஒரு குழாயைச் செருகினாள், இன்னொரு பெரிய குழாயை மேல்மூடியின் மேலேயே திருப்பிவிட்டாள். உப்பங்கழித் தண்ணீர் மோட்டாரின் உள்ளும் புறமும் அருவியாகப் பாய்ந்தது.

“இப்ப கிளப்புங்கண்ணே.”

கிளப்பினான். நாலு நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. அலாரம் கத்தவில்லை. ஆவி மட்டும் தென்னை உயரத்துக்கு எழும்பியது. ஜெட்டியில் ஊர் கூடிவிட்டது. சவரியம்மாளின் குரலை எல்லாரும் கேட்கும்படி சேரன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

“நூத்தி அஞ்சே காலாம்.”

“நிறுத்தாதீங்க,” என்றாள் எழிலரசி.

“நூத்தி நாலு. கண்ணு தொறந்துட்டா. யாரு ஐஸ கொட்னதுன்னு கேக்குறா.”

பொன்னுரங்கம் அழுதான். கை கைப்பிடியில் இருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை. படகைச் சுற்றி உப்பங்கழி பழுப்பு நிறமாகிக் குமிழி விட்டது. இறால்கள் சிவந்து மிதந்தன, கொக்குகள் வந்து சுடுகிறதா என்று மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தின்றன. பெண்கள் அன்னக்கூடையில் அள்ளினார்கள். உப்பு சரியாக இருந்தது, லேசாகக் கசந்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். மூன்று இருபதுக்குத் தொண்ணூற்று எட்டரை என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அங்கே இளம் டாக்டர் ஒருவர் எந்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது என்று சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். “மோட்டார் ஓடுது சார்,” என்றாள் சவரியம்மாள். அவர் புரியாமல், “ஓடட்டும்,” என்றார்.

எழிலரசி அடுத்த பத்து நாள் லீவு போட்டாள். தான் வரைந்து வைத்திருந்த குழாய்க்கு மோட்டாருக்குள் இடம் தேடியதுதான் தப்பு என்று ஜெட்டியில் நின்றபோதே தெரிந்துகொண்டிருந்தாள். படகின் பின்பலகையில் தனியாக ஒரு சின்னப் பம்ப் வைத்து, அதிலிருந்து செப்புக் குழாயை மேல்மூடியின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே விட்டாள். அதற்குப் பிறகு மோட்டார் இரண்டு ஓட்டைகளில் பீய்ச்சியது. ஒன்றில் வந்தது வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். மற்றதில் வந்தது கொதிக்கிற கசப்புத் தண்ணீர். தார்ப்பாயைத் தானே மடித்து வைத்துவிட்டுப் புஷ்பவள்ளி கேட்டது ஒன்றுதான்: “முகத்துவாரத்துல நிக்காதுல்ல?” ஒரு மாதம் தினமும் தானே கூடப் போய்ப் பார்த்துவிட்டு எழிலரசி நிற்காது என்றாள். நிற்கவும் இல்லை.

அதன் பிறகு இரண்டு வருடம் போயிற்று. புயல் எச்சரிக்கையில் கடலுக்குப் போகாத நாட்களில் முற்றத்து டிரம்மில் பகல் பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை மோட்டார் ஓடும். தெருவில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அந்த வெந்நீரில் ஒத்தடம் கொடுப்பார்கள். சேரன் கடலில் மீன்பிடி நேரத்தில் கசப்புத் தண்ணீரில் முட்டை வேகவைத்துத் தின்னப் பழகினான். குளிர்காலத்தில் மடவை மீன்கள் சூட்டுக்காகப் படகின் பின்னாலேயே கூட்டமாக வந்ததில் அவர்களுக்கு மீன்பாடு அதிகம். விஷயம் கேள்விப்பட்டு நெய்வேலியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் காய்ச்சல்காரர்கள் வந்து மோட்டாரில் கை வைத்துப் பார்த்தார்கள். அது யாருடைய காய்ச்சலையும் வாங்கிக்கொள்ளவில்லை. பொன்னுரங்கம் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும் என்று சொல்லி அனுப்பினான். பாகங்கள் தேயத் தேய எழிலரசி ஒவ்வொன்றாக மாற்றினாள். எதை மாற்றினாலும் காய்ச்சல் தவறாமல் மோட்டாருக்கு வந்து சேர்ந்தது. மேல்மூடியை மாற்றிய அன்று மட்டும் வரவில்லை. சாயங்காலமே பழைய மூடியைத் திரும்ப மாட்டிவிட்டாள்; அதை மட்டும் வெயில் படாமல் வைக்கச் சொன்னாள். காய்ச்சல் ஏன் வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கே போகிறது என்று தெரிந்தது போதும் என்று ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு, போதாதுதான் என்றும் சொன்னாள்.

போன பங்குனியில் படகுகளைச் சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். ஜெட்டி நெடுகப் படகு படகாக ஏறி, எண், விளக்கு, மிதவை, மோட்டார் என்று படிவத்தில் எழுதிக்கொண்டு வந்தவர் பொன்னுரங்கத்தின் படகில் மோட்டாரைக் கிளப்பச் சொல்லிவிட்டு நின்றார். பின்பலகையைக் குனிந்து பார்த்தார்.

“ஒரு மோட்டாருக்கு எதுக்கு ரெண்டு பம்பு?”

பொன்னுரங்கம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தான். கீழே அன்னக்கூடையில் காரப்பொடி மீனை அள்ளிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி நிமிராமலே சொன்னாள்:

“ஒண்ணு மோட்டாருக்கு சார், ஒண்ணு எனக்கு.”

அதிகாரி அவளைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். இரண்டாவது ஓட்டையிலிருந்து கொதித்து விழுந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். படிவத்தில் “பம்ப்: இரண்டு, வேலை செய்கிறது” என்று எழுதிக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார்.